மேகமலை ஜீப்பும் சண்டை ரோபோவும்: வீட்டில் செய்யும் ரோபோவுக்குப் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இரண்டு ரோபோக்கள். சுற்றிலும் பாலிகார்பனேட் தடுப்பு போட்ட ஒரு கூண்டு. நேரம் மூன்று நிமிடம். எதிரியை நகர முடியாமல் செய்தால் வெற்றி. பார்க்க ஏதோ உடைத்து நொறுக்கும் விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால், பல போட்டிகளின் முடிவு கூண்டுக்குள் எழுதப்படுவதில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு கடை கவுன்டரில் நின்று 'இந்த மோட்டார் போதும்ணே' என்று சொன்ன அந்த நிமிடத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

தேனி, போடி, கம்பம் பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சென்னை மாணவர் தப்பான மோட்டார் வாங்கினால், மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். சின்னமனூரிலோ மேகமலை எஸ்டேட் குடியிருப்பிலோ இருப்பவருக்கு அது ஒரு வார வேலை. செமஸ்டர் விடுமுறையில் சம்பாதித்த பணம் ஒரு தப்பான ஆர்டரில் போய்விடும். பணம் போனால்கூட பரவாயில்லை. தப்பான பேட்டரி வீட்டைக் கொளுத்தும், தப்பான பிளேடு விரலை எடுக்கும்.

சரி, எந்தப் பாகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது?

1987ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் 'கிரிட்டர் கிரஞ்ச்' என்ற பெயரில் சிறிய அளவில் ஒரு மோதல் நடந்தது. 1994ல் மார்க் தோர்ப் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் 'ரோபோ வார்ஸ்' போட்டியை நடத்தினார். 1998ல் அது பிபிசி தொலைக்காட்சிக்கு வந்தது. அதன் பிறகு அமெரிக்காவின் 'பேட்டில்பாட்ஸ்' உலகம் முழுக்கப் பிரபலமானது. அங்கே மோதும் ரோபோக்களின் எடை வரம்பு 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ.

இந்தியாவில் இதற்குப் பெரிய மேடை, மும்பை ஐஐடியின் 'டெக்ஃபெஸ்ட்' விழாவில் நடக்கும் ரோபோவார்ஸ். வெளிநாட்டு அணிகளும் அங்கே வந்து மோதியிருக்கின்றன. பொறியியல் கல்லூரி விழாக்களில் சிறிய அளவிலும் நடக்கிறது. இந்தியப் போட்டிகளில் அடிக்கடி கேள்விப்படும் பிரிவுகளில் ஒன்று 15 கிலோ. இந்தக் கட்டுரையின் கணக்குகளும் அந்த எடையை வைத்தே.

முதலில் வாங்க வேண்டியது எது?

எதுவும் வாங்க வேண்டாம். முதலில் போட்டியின் விதிப்புத்தகத்தை டவுன்லோடு பண்ணிப் படியுங்கள். எடை வரம்பு, அதிகபட்ச வோல்டேஜ், எந்த வகை பேட்டரிக்கு அனுமதி, எந்த ஆயுதத்துக்குத் தடை, சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும் என எல்லாமே அதில் இருக்கும். தீ, திரவம், வலை போன்றவற்றைப் பெரும்பாலான போட்டிகள் அனுமதிப்பதில்லை. 15 கிலோ என்றால் 15 கிலோதான்; 15.1 இருந்தால் எடை மேடையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு, கையில் கிடைத்த மோட்டாரிலிருந்து தொடங்குவது. சரியான வரிசை இது: விதி, எடை, சக்கரம், மோட்டார், மோட்டார் டிரைவர், பேட்டரி, உடல். ஒவ்வொரு பாகமும் அடுத்த பாகத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. சங்கிலியை நடுவில் பிடித்து இழுத்தால் இரண்டு பக்கமும் சிக்கும்.

எடையை எப்படிப் பங்கு போடுவது?

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் உள்ள பல்கலைக்கழக அணி 'ரியோபாட்ஸ்'. பேட்டில்பாட்ஸில் கலக்கிய 'மினோடார்' ரோபோ இவர்களுடையது. அந்த அணியின் பேராசிரியர் மார்கோ மெஜியோலாரோ, சண்டை ரோபோ செய்வதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி இணையத்தில் இலவசமாக விட்டிருக்கிறார். அதில் வரும் எளிய கணக்கு 30-30-25-15.

15 கிலோ ரோபோவுக்கு அதைப் போட்டுப் பார்த்தால்:

- ஓட்டத்துக்கு, அதாவது மோட்டார், கியர், சக்கரம் எல்லாம் சேர்த்து 30 சதவீதம்: 4.5 கிலோ
- ஆயுதமும் அதன் மோட்டாரும் 30 சதவீதம்: 4.5 கிலோ
- உடலும் கவசமும் 25 சதவீதம்: 3.75 கிலோ
- பேட்டரி, எலெக்ட்ரானிக்ஸ் 15 சதவீதம்: 2.25 கிலோ

இது சட்டம் இல்லை. முன்னே பின்னே மாறலாம். ஆனால் ஒரு பாகத்தைக் கையில் எடுக்கும்போதே 'இது எந்தப் பங்கில் வருது, எவ்வளவு தின்னுது' என்று கேட்கும் பழக்கம் வந்துவிடும். கடைக்குப் போகும்போது ஒரு சின்ன டிஜிட்டல் தராசையும் எடுத்துப் போங்கள்.

ஓட்டும் மோட்டார்: வேகமா, இழுவையா?

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆள் ஏற்றிய ஜீப் அந்த வளைவுகளில் ஃபர்ஸ்ட் கியரிலோ செகண்ட் கியரிலோதான் ஏறும். எஞ்சின் அதேதான், வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்கிக்கொள்கிறது. கீழே கம்பம் ரோட்டுக்கு வந்ததும் டாப் கியர். மோட்டாரோடு வரும் கியர் பாக்ஸும் இதே வியாபாரத்தைத்தான் செய்கிறது. கியர் விகிதம் கூடக் கூட இழுவை ஏறும், வேகம் இறங்கும்.

ரோபோவுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? ஒரு எளிய கணக்கு. சக்கரத்தின் விட்டம் 10 செ.மீ. என்றால், ஒரு சுற்றுக்கு ரோபோ சுமார் 31 செ.மீ. நகரும்.

- நிமிடத்துக்கு 60 சுற்று: நொடிக்கு 31 செ.மீ. ஆறு மீட்டர் கூண்டைக் கடக்க 19 நொடி ஆகும்.
- நிமிடத்துக்கு 300 சுற்று: நொடிக்கு ஒன்றரை மீட்டர். நான்கு நொடி.
- நிமிடத்துக்கு 600 சுற்று: நொடிக்கு மூன்று மீட்டர். இரண்டே நொடி.

முதல் வரி, கார் வைப்பர் மோட்டாரின் கதை. கம்பம் பள்ளத்தாக்கில் எந்த மெக்கானிக் ஷாப்பிலும் பழைய வைப்பர் மோட்டார் கிடைக்கும், இழுவையும் பிரமாதம். ஆனால் 19 நொடியில் எதிரி சுற்றி வந்து பின்னாலிருந்து தூக்கிவிடுவான். எடையும் ஒன்றுக்கு ஒரு கிலோவைத் தாண்டும். ஓட்டிப் பழக, கண்ட்ரோல் கற்றுக்கொள்ள வைப்பர் மோட்டார் நல்லது. போட்டிக்கு, 500 முதல் 800 சுற்று வரை தரும் பிளானட்டரி கியர் மோட்டார் பாருங்கள். பழைய கார்ட்லெஸ் டிரில்லின் மோட்டாரும் கியர் பாக்ஸும் நல்ல தேர்வுதான். சுவரில் துளை போடும்போது படும் அதிர்ச்சியைத் தாங்கத்தானே அதைச் செய்திருக்கிறார்கள்!

இழுவைக்கும் ஒரு கணக்கு

மோட்டார் எரிவது எப்போது? சக்கரம் சுற்ற முடியாமல் மாட்டிக்கொள்ளும்போது. அப்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்துக்கு 'ஸ்டால் கரன்ட்' என்று பெயர். எதிரியை முட்டித் தள்ளும்போது சக்கரம் வழுக்கிச் சுற்றிவிட்டால் மோட்டார் தப்பித்துவிடும். வழுக்காமல் நின்றுவிட்டால் புகைதான்.

15 கிலோ ரோபோ, நல்ல ரப்பர் சக்கரம், இரும்புத் தளம். பிடிப்பை 0.8 என்று வைத்துக்கொண்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து தள்ளக்கூடிய விசை சுமார் 118 நியூட்டன். ஒரு சக்கரத்துக்கு 29. சக்கரத்தின் ஆரம் 5 செ.மீ. ஆகவே, ஒவ்வொரு மோட்டாரும் கொடுக்க வேண்டிய முறுக்கு விசை சுமார் 1.5 நியூட்டன் மீட்டர். நம்மூர்க் கடைக்காரர்கள் பேசும் கணக்கில் 15 கிலோ-சென்டிமீட்டர்.

மோட்டாரின் ஸ்டால் டார்க் இதைவிட இரண்டு மடங்கு, அதாவது 30 கிலோ-சென்டிமீட்டர் இருந்தால் நிம்மதி. சக்கரம் வழுக்கும்போது மோட்டார் தன் சக்தியில் பாதியில்தான் ஓடிக்கொண்டிருக்கும். கடைக்காரர் 'தம்பி, இது 100 கிலோ டார்க், வாங்கிட்டுப் போ' என்று சொன்னால் மயங்க வேண்டாம். அந்த 100 கிலோ இழுவைக்கு வேகத்தை எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

சக்கரத்திலும் கவனம் தேவை. டிராலியில் வரும் கெட்டி பிளாஸ்டிக் சக்கரம் மலிவு, ஆனால் பனி பெய்த பாறையில் செருப்பு மாதிரி வழுக்கும். ரப்பர், பாலியூரிதீன், கெட்டி ஃபோம் ஆகியவை பிடிப்பு தரும். காற்றடித்த டயர் வேண்டவே வேண்டாம். ஒரு வெட்டில் போய்விடும்.

மோட்டார் டிரைவர்: அதிகம் புகையும் இடம்

பள்ளி ப்ராஜெக்ட்டில் எல்லோரும் பார்த்திருக்கும் சிவப்பு நிற 'எல்298என்' போர்டு ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும். போதாததற்கு ஓரிரு வோல்ட்டையும் தானே சூடாக்கித் தின்றுவிடும். சண்டை ரோபோவுக்கு அது பொம்மை.

பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: மோட்டாரின் ஸ்டால் கரன்ட். ஒரு மோட்டார் 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் ஸ்டால் ஆகும் என்றால், டிரைவர் தொடர்ச்சியாக 20 ஆம்பியர் தாங்க வேண்டும். டிரைவரின் பெட்டியில் இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். ஒன்று 'பீக்', சில நொடிக்கு மட்டும். இன்னொன்று 'கன்டின்யூயஸ்', எப்போதும். இரண்டாவதை மட்டும் நம்புங்கள். ஆன்லைனில் '43 ஆம்பியர்' என்று விற்கும் 'ஐபிடி-2' போர்டு, அந்தச் சின்ன ஹீட் சிங்க்கை வைத்துக்கொண்டு அவ்வளவு மின்னோட்டத்தைத் தொடர்ந்து தாங்காது. கையில் காசு இருந்தால் மலேசியாவின் 'சைட்ரான்', அமெரிக்காவின் 'சேபர்டூத்' மாதிரி பெயர் பெற்ற போர்டுகளைப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். 12 வோல்ட் மோட்டாரை 18 வோல்ட்டில் ஓட்டினால் வேகம் ஒன்றரை மடங்காகும் என்று நண்பர்கள் ஐடியா கொடுப்பார்கள். உண்மைதான். ஸ்டால் கரன்ட்டும் 20லிருந்து 30 ஆகும். டிரைவரை மாற்றாமல் பேட்டரியை மட்டும் மாற்றியவர்கள்தான் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போகிறார்கள்.

டிரோனில் வரும் இ.எஸ்.சி. பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சுற்றவைக்கும். சுழலும் ஆயுதத்துக்கு அது போதும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சுற்ற வேண்டும், எனவே 'பை-டைரக்‌ஷனல்' என்று கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி: எடையும் ஆபத்தும்

யு.பி.எஸ். உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி மலிவு, முரட்டுத்தனமானது. ஆனால் ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல். எலெக்ட்ரானிக்ஸ் பங்கான 2.25 கிலோவை அது ஒன்றே விழுங்கிவிடும். அதனால்தான் லித்தியம் பாலிமர், அதாவது லைப்போ.

எவ்வளவு பெரிய லைப்போ? மேலே சொன்ன மோட்டார்கள் சராசரியாக ஆளுக்கு 6 ஆம்பியர் இழுத்தால், நான்குக்கும் 24. மூன்று நிமிடம் என்பது ஒரு மணி நேரத்தில் இருபதில் ஒரு பங்கு. ஆக 1.2 ஆம்பியர்-மணி. ஒன்றரை மடங்கு பாதுகாப்பு சேர்த்தால் கிட்டத்தட்ட 2. கொஞ்சம் தாராளமாக 3,000 எம்.ஏ.எச். வாங்கலாம்.

அடுத்தது 'சி' எண். 3,000 எம்.ஏ.எச்., 40சி என்றால் மூன்றை நாற்பதால் பெருக்கி 120 ஆம்பியர் தரும் என்பது லேபிள் கணக்கு. லேபிளில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்பினால் 80. நான்கு மோட்டாரும் ஒரே நேரத்தில் ஸ்டால் ஆனாலும் 80தான். பொருந்துகிறது. இந்தப் பேட்டரியின் எடை கிட்டத்தட்ட கால் கிலோ. மிச்சமான எடையைக் கவசத்துக்குக் கொடுக்கலாம். சுழலும் ஆயுதம் சேர்த்தால் அதன் மின்னோட்டத்தையும் கூட்டித் திரும்பக் கணக்குப் போடுங்கள்.

இனி ஆபத்து. லைப்போவைக் குத்தினால், வளைத்தால், அளவுக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் தீப்பிடிக்கும். சாதாரண மொபைல் சார்ஜரோ அடாப்டரோ கூடாது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சமன் செய்யும் பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம். பேட்டரிக்கு ஒதுக்கிய பணத்திலேயே சார்ஜரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

- சார்ஜ் ஏறும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது.
- மெத்தை, துணி, பேப்பர் பக்கத்தில் வேண்டாம். ஓட்டுத் துண்டு, மண்சட்டி, சிமென்ட் தரை நல்லது. ஒரு வாளி மணல் அருகில் இருக்கட்டும்.
- ஒரு செல் 3.3 வோல்ட்டுக்குக் கீழே போக விட வேண்டாம். பல நாள் சும்மா வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள்.
- உப்பிப்போன பேட்டரி முடிந்தது. அதை இன்னொரு முறை சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள்.

உப்பிய பேட்டரியைத் தேயிலைத் தோட்டத்திலோ ஓடையிலோ வீசுவது இன்னும் மோசம். மேகமலைக் காடு 2021லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. மலையில் இறங்கும் தண்ணீர்தான் கீழே இருக்கும் ஊர்களுக்கும் தோட்டங்களுக்கும் போகிறது. பழைய பேட்டரியை மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

போட்டிக்கு விமானத்தில் போகிறவர்கள் கவனிக்க: தனியாக எடுத்துப்போகும் லித்தியம் பேட்டரி, செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான். அதிலும் 100 வாட்-மணிக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 11.1 வோல்ட்டை 3 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 33 வாட்-மணி. எனவே நம் பேட்டரி வரம்புக்குள்தான் வருகிறது.

ரிமோட்: ப்ளூடூத் போதாதா?

போதாது. மொபைல் ப்ளூடூத் அறைக்குள் கார் பொம்மை ஓட்ட சரி. கூட்டத்தில் நூறு போன்கள் இருக்கும் அரங்கில் அது நம்பத்தக்கதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆர்.சி. டிரான்ஸ்மிட்டர் வாங்குங்கள். அந்த அலைவரிசைக்கு இந்தியாவில் தனி உரிமம் தேவையில்லை. ஆறு சேனல் உள்ள சாதாரண 'ஃப்ளைஸ்கை' செட்டே தொடக்கத்துக்குத் தாராளம்.

வாங்கியதும் முதல் சோதனை 'ஃபெயில்சேஃப்'. ரோபோவைக் கட்டை மேல் தூக்கி வைத்து, சக்கரத்தை ஓடவிட்டு, ரிமோட்டை அணைத்துவிடுங்கள். சக்கரம் உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்த ரோபோ யாருடைய சொல்லையும் கேட்காது. முறையான எந்தப் போட்டியிலும் அதை உள்ளே விடமாட்டார்கள்.

உடலும் கவசமும்: ஜீப் பட்டையா, பிளாஸ்டிக் பலகையா?

40 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் உள்ள ஒரு அடித்தகடு வேண்டும் என்று வையுங்கள்.

- 3 மி.மீ. இரும்புத் தகடு: 3.8 கிலோ
- 3 மி.மீ. அலுமினியம்: 1.3 கிலோ
- 10 மி.மீ. எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பலகை: 1.5 கிலோ

இரும்பில் அடித்தகடு போட்டால் உடலுக்கான மொத்தப் பங்கும் அதிலேயே தீர்ந்துவிடும். எச்.டி.பி.இ. என்பது சமையலறையில் காய் வெட்டும் வெள்ளைப் பலகை செய்யும் பொருள். ஓங்கி அடித்தால் உடையாது, குழி விழும், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மர வேலை செய்யும் ரம்பத்தாலேயே வெட்டலாம். முதல் ரோபோவின் உடலுக்கு இதைவிடச் சுலபமான பொருள் இல்லை. அக்ரிலிக் வேண்டாம், கண்ணாடி மாதிரி சில்லு சில்லாகும். மேல்மூடி தெரிய வேண்டும் என்றால் பாலிகார்பனேட்.

முன்னால் அடி வாங்கும் இடத்தில் மட்டும் எஃகு வேண்டும். இங்கேதான் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு ஒரு லாபம். தினமும் காலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறும் ஜீப்புகளுக்கு லீஃப் ஸ்பிரிங் பட்டை உடைவதும் மாற்றுவதும் வாடிக்கை. பழைய இரும்புக்கடையில் அந்தப் பட்டை கிலோ கணக்கில் கிடைக்கும். அது சிலிக்கான்-மாங்கனீசு கலந்த ஸ்பிரிங் எஃகு. சாதாரண இரும்பைவிடப் பல மடங்கு வலு. 40 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 7 மி.மீ. கனமுள்ள ஒரு துண்டு சுமார் 1.3 கிலோ வரும். சரிவாக வைத்தால் எதிரியின் அடியை மேலே தள்ளிவிடும் ஆப்பு தயார்.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அதை வெல்டிங் செய்ய வேண்டாம். சூடு பட்ட இடம் பதம் கெட்டு, ஒன்று மிருதுவாகும் அல்லது கண்ணாடி போல முறியும். போல்ட் போட்டு இறுக்குங்கள். இரண்டு, சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது. கோபால்ட் பிட்டோடு மெதுவாக, எண்ணெய் விட்டுத் துளைக்க வேண்டும். லேத் பட்டறை அண்ணனிடம் கொடுத்துவிட்டால் நிம்மதி. ஏற்கெனவே விரிசல் விட்ட பட்டையைத் தவிர்க்க, உப்புத்தாளால் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்.

போல்ட்டையும் சும்மா வாங்காதீர்கள். தலையில் 8.8 அல்லது 12.9 என்று பொறித்திருக்க வேண்டும். எண்ணே இல்லாத போல்ட், முதல் மோதலில் தலை வேறு உடல் வேறு. நட் எல்லாம் நைலாக், அதிர்வில் கழலாது.

ஆயுதம்: ஆசையும் கணக்கும்

எல்லோருக்கும் சுழலும் பிளேடு மீதுதான் ஆசை. அது என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 கிலோ எடை, 40 செ.மீ. நீளமுள்ள இரும்புப் பட்டை நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், அதில் இருக்கும் ஆற்றல் சுமார் 1,300 ஜூல். 15 கிலோ ரோபோவை ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது கிட்டத்தட்ட மூன்றாவது மாடி மொட்டை மாடியிலிருந்து கீழே போட்டால் தரையில் விழும் அதே அடி. பட்டையின் நுனி மணிக்கு 226 கிலோமீட்டர் வேகத்தில் போகும். சுற்று வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஆற்றல் நான்கு மடங்கு. பேட்டில்பாட்ஸே நுனி வேகத்துக்கு மணிக்கு 250 மைல், அதாவது சுமார் 400 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்திருக்கிறது.

அந்த அடியில் ஒரு பகுதி எதிரிக்குப் போகும். மிச்சம் உங்கள் ரோபோவின் பேரிங், ஷாஃப்ட், உடல் மீதே திரும்பும். அதைத் தாங்க எல்லாப் பாகமும் கனமாக வேண்டும். எடைக் கணக்கு திரும்ப முதலிலிருந்து.

2015 பேட்டில்பாட்ஸ் இறுதிப்போட்டியில் மோதியவை இரண்டு ரோபோக்கள். ஒன்று 'டூம்ஸ்டோன்', ராட்சதப் பட்டையைச் சுழற்றி எதிரிகளைத் துண்டாக்கி வந்தது. இன்னொன்று 'பைட் ஃபோர்ஸ்'. அந்த ஆண்டு அதனிடம் சுழலும் ஆயுதமே கிடையாது, பிடித்துத் தூக்கும் கை மட்டும். ஜெயித்தது பைட் ஃபோர்ஸ். அடியைத் தாங்கி, ஓடிக்கொண்டே இருந்ததுதான் காரணம். பின்னர் 2018, 2019லும் அதே ரோபோ, அப்போது வேறு ஆயுதத்தோடு, பட்டம் வென்றது.

முதல் ரோபோவுக்கு ஆப்பு வடிவம் அல்லது தூக்கும் கை போதும். தேடிவைத்த அந்த வைப்பர் மோட்டாருக்கு இங்கே வேலை உண்டு. மெதுவான வேகமும் அதிக இழுவையும் தூக்கும் கைக்குப் பொருத்தம். அதன் புழு கியர் பின்னோக்கிச் சுலபத்தில் சுற்றாது என்பதால், தூக்கிய எதிரியைப் பிடித்தே வைத்திருக்கும். எஸ்டேட்டில் புல் வெட்டும் மெஷினின் பிளேடை மட்டும் கழற்றி மாட்டாதீர்கள். அது புல்லுக்காகச் செய்த மெல்லிய தகடு. எஃகில் மோதினால் எந்தத் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

எதை எங்கே வாங்குவது?

உள்ளூரிலேயே: லீஃப் ஸ்பிரிங் பட்டை, வைப்பர் மோட்டார், தடிமனான வயர், போல்ட் நட், பேரிங், லேத் வேலை. கம்பம், சின்னமனூர், தேனியில் இவற்றுக்குப் பஞ்சமில்லை.

வெளியூரில்: மோட்டார், பம்ப் தொழிலுக்குப் பேர்போன கோவையில் அலுமினியத் தகடும் நல்ல எஃகும் கிடைக்கும். எலெக்ட்ரானிக்ஸுக்கு சென்னை ரிச்சி தெரு. 2023 ஜூனில் சென்னை-போடி ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, போய்வருவது முன்பைவிடச் சுலபம்.

ஆன்லைனில்: ரேடியோ, இ.எஸ்.சி., லைப்போ, பேலன்ஸ் சார்ஜர். ஸ்டால் கரன்ட், எடை, ஷாஃப்ட் அளவு மூன்றும் பக்கத்தில் போடாத மோட்டாரை வாங்காதீர்கள். முதலில் ஒன்று மட்டும் வாங்கிச் சோதித்துவிட்டு மீதி மூன்றை ஆர்டர் செய்யுங்கள். இ.எஸ்.சி.யிலும் சக்கரத்திலும் ஒரு உதிரி கையில் இருக்கட்டும்; மும்பையில் போட்டி நடக்கும் நாளில் கூரியர் வராது.

மலையில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று கூடுதலாக: மேகமலையில் மேகம் அறைக்குள்ளேயே வந்து போகும். ஈரத்தில் போர்டுகளின் சால்டர் பச்சை பிடிக்கும். எலெக்ட்ரானிக்ஸை மூடி போட்ட டப்பாவில், சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

கூண்டுக்கு வெளியே

போட்டியில் ரோபோவுக்கும் மனிதருக்கும் நடுவில் பாலிகார்பனேட் சுவர் இருக்கிறது. வீட்டு முற்றத்தில் இல்லை. வேடிக்கை பார்க்க வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பொம்மைதான்.

- வெளியிலிருந்தே கழற்றக்கூடிய ஒரு இணைப்பு, மொத்த மின்சாரத்தையும் துண்டிக்க வேண்டும். கூண்டுக்கு வெளியே அது எப்போதும் கழற்றியே இருக்கட்டும்.
- ஆயுதத்துக்கு ஒரு பூட்டுக் கம்பி. பேட்டரி மாட்டும்போது அது போட்டே இருக்க வேண்டும்.
- இயக்கும் வரிசை: முதலில் ரிமோட் ஆன், பிறகு ரோபோ. அணைக்கும்போது முதலில் ரோபோ, பிறகு ரிமோட்.
- கண்ணாடி, ஷூ கட்டாயம். சுழலும் ஆயுதத்தை மூடிய கூண்டு இல்லாமல் ஒரு முறைகூடச் சுற்றிப் பார்க்க வேண்டாம்.

கடைசியாக, வாங்கும் பட்டியலில் நேரத்தையும் சேருங்கள். எல்லாப் பாகமும் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே சேர்ந்து ஓடத் தொடங்க வேண்டும். மீதி நாளில் ஓட்டிப் பழகுங்கள், முட்டுங்கள், கழன்ற போல்ட்டை எண்ணுங்கள். மேகமலை ரோட்டில் ஓட்டும் டிரைவர் கிளம்பும் முன் டயரையும் பிரேக்கையும் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். ரோபோவுக்கும் அந்தப் பழக்கம்தான் வேண்டும்.